உருளைக்கிழங்குக்குன்னு ஒரு மியூசியம்

போன மாசம் அமெரிக்காவுல சால்ட் லேக் சிட்டில இருந்து யெல்லோஸ்டோன் நேஷனல் பார்க் போற வழியில, ஐடஹோ மாநிலத்துல பிளாக்ஃபுட்னு ஒரு சின்ன ஊர்ல வண்டியை நிறுத்தினோம். நிறுத்தினதுக்கு ஒரே காரணம் ஐடஹோ பொட்டேட்டோ மியூசியம். வாசல்லயே வெண்ணெய் வச்ச மாதிரி ஒரு ராட்சச உருளைக்கிழங்கு சிலை, பசங்க அதை விட்டு நகரவே மாட்டேன்னுட்டாங்க.

எங்கப்பா மேட்டுப்பாளையம் கிழங்கு மண்டியில இருபது வருஷத்துக்கு மேல கணக்கெழுதினவர். ஊட்டி கிழங்கு லாரில வந்து இறங்குறது, சைஸ் பிரிக்கிறது, ஏலம், சாக்கு தைக்கிற கோணி ஊசி, இதையெல்லாம் பார்த்து வளர்ந்ததால எனக்கு அந்த வாசல்லயே மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

கட்டடம் 1913ல கட்டின பழைய ரயில்வே ஸ்டேஷன். பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு மணி நேரத்துல சுத்திரலாம். உள்ள ஒரு கண்ணாடிப் பெட்டியில 1990ல ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி செஞ்ச ராட்சச பிரிங்கிள்ஸ் சிப்ஸ், ஒத்தை சிப்ஸே கிட்டத்தட்ட ரெண்டடி நீளம். அப்புறம் டான் குவேல் கையெழுத்துப் போட்ட உருளைக்கிழங்கு. 1992ல அவர் துணை ஜனாதிபதியா இருந்தப்ப ஒரு ஸ்கூல் பையன் பொட்டேட்டோங்கிற வார்த்தையை சரியா எழுதியும், கடைசில ஒரு 'ஈ' சேர்க்கச் சொன்னாரே, அவரேதான்.

ஆனா நான் ரொம்ப நேரம் நின்னது அறுவடைச் சாமான்கள் கிட்ட. மெஷின் வர்றதுக்கு முன்னாடி இடுப்புல ஒரு பெல்ட் கட்டி அதுல சாக்கை மாட்டிக்கிட்டு, குனிஞ்சபடியே ரெண்டு காலுக்கு நடுவுல சாக்கை இழுத்துட்டே கிழங்கு பொறுக்கிட்டுப் போவாங்களாம், சாக்கு நிறைய நிறைய இடுப்பு என்ன பாடு பட்டிருக்கும்! பசங்களும் பொறுக்கினாங்க, இந்தப் பக்கத்து ஸ்கூல்கள்ல இப்பவும் கிழங்கு அறுவடைக்குன்னு லீவு விடுறாங்க. நாட்டோட மொத்த உருளைக்கிழங்குல மூணுல ஒரு பங்கு கிட்ட இந்த ஒரு மாநிலத்துல விளையுதுன்னா சும்மாவா, எரிமலை மண்ணு, ஸ்னேக் ஆத்துத் தண்ணி, பகல்ல வெயில் ராத்திரி குளிர், அதுக்கு மேல இந்த இடுப்புங்க. அந்த இடுப்பையும் ஞாபகம் வச்சு பெல்ட்டை மாட்டி வச்சிருக்காங்க பாருங்க, அதுக்காகவே இந்த ஊரை எனக்குப் பிடிச்சுப் போச்சு. மேட்டுப்பாளையத்துல ஒரு பழைய தராசைக் கூட இப்படி எடுத்து வச்சு நான் பார்த்ததில்ல.

கிஃப்ட் ஷாப்ல டி-ஷர்ட், மேக்னட், கிழங்கு பொம்மைன்னு ஏகப்பட்டது இருக்கு. வெளி மாநிலத்துக்காரங்கன்னா கிழங்கு இலவசம்னு ஒரு வழக்கம், காய வச்ச கிழங்குத் துருவல் ஒரு பாக்கெட் கையில குடுத்தாங்க. பக்கத்துலயே கஃபே, அங்க சுட்ட கிழங்கை வாங்கி உப்பும் வெண்ணெயும் போட்டு சாப்பிட்டோம், மாவு மாதிரி உதிர்ந்துச்சு.

அங்க உட்கார்ந்தே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன், ஊர்ல ராத்திரி பத்து மணி இருக்கும். அந்தப் பழைய சாக்குகளை போட்டோ எடுத்ததை அனுப்பினேன். உத்து உத்துப் பார்த்துட்டு, "ஏங்கண்ணு, அங்க மூட்டைக்கு எத்தன கிலோ"ன்னாரு.

"நூறு பவுண்டுப்பா."

ஒரு நிமிஷம் மனசுக்குள்ளயே கணக்குப் போட்டாரு. "நாப்பத்தஞ்சு கிலோ. அட, நம்ம மண்டி மூட்டையேதான்!"