கரண்ட் போனால் சோலாரும் ஏன் நின்றுவிடுகிறது?

உச்சி வெயில், பேனல் முழுக்க வெளிச்சம். ஆனால் தெருவில் மின்தடை வந்ததும் சோலார் போட்ட வீட்டிலும் ஃபேன் நின்றுவிடுகிறது. "ஏமாத்திட்டாங்களா தம்பி?" என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார்.

இல்லை அண்ணே. பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் (தெரு லைனோடு சேர்ந்து ஓடும் சோலார் பெட்டி) அப்படித்தான் நிற்க வேண்டும். லைனில் மின்சாரம் இல்லை என்று நம்பி ஒருவர் கம்பத்தில் ஏறியிருப்பார். நம் மாடியிலிருந்து 230 வோல்ட் அங்கே போனால் என்ன ஆகும்? டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பி ஏறினால் 11,000 வோல்ட். அதனால்தான் லைன் போன 2 விநாடிக்குள் இன்வெர்ட்டர் தன்னைத் துண்டித்துக்கொள்கிறது.

பேனலைப் பற்றியே பேசுகிறோம், சுவரில் தொங்கும் இந்த இன்வெர்ட்டர் பெட்டியை யாரும் கண்டுகொள்வதில்லை. பேனல் தருவது டி.சி., அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். உள்ளே இருக்கும் குட்டிக் குட்டி சுவிட்சுகள் விநாடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடி, அதை வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. மின்சாரமாக (விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஓடுவது) மாற்றுகின்றன, அதுவும் லைனோடு தாளம் தப்பாமல். மேகம் மறைத்தால் வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, அதிக பவர் கிடைக்கும் இடத்தைத் தேடிப் பிடிப்பதும் (எம்.பி.பி.டி. என்பார்கள்) அதே பெட்டிதான்.

தயவுசெய்து அதை மேற்கு வெயில் அடிக்கும் சுவரில் மாட்டாதீர்கள். சூடு ஏறினால் உற்பத்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்புறம், கரண்ட் வந்ததும் சோலார் ஓடவில்லையே என்று உடனே போன் போடவும் வேண்டாம். லைன் நிலையாக இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் சேரும்.

மின்தடையிலும் ஃபேன் ஓடணுமா? ஹைப்ரிட் இன்வெர்ட்டர் (லைன் இல்லாதபோதும் பேட்டரியோடு ஓடும் வகை), பேட்டரி இரண்டும் வேண்டும். செலவு கூடும் அண்ணே.