தாரில் ஒட்டிய எலும்புகள்
லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு நடுவிலேயே லா பிரேயா தார்க்குழிகள் இருக்கின்றன. பனியுகத்தில் அந்தத் தாரில் சிக்கிய மிருகத்தைத் தின்ன இறங்கிய கழுகும் பருந்தும் தாங்களும் ஒட்டிக்கொண்டு செத்தன. தார்க்கறை ஊறிப் பழுப்பேறிய அந்தச் சின்னச் சின்ன எலும்புகளைக் கையிலெடுத்து, இது வான்கோழிக் கால், இது கழுகின் இறக்கை என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்து பிரித்தவர் ஹில்டகார்ட் ஹோவர்ட் (1901–1998).

பத்திரிகையாளராகும் ஆசையில் கல்லூரிக்குப் போனவரை ஒரு உயிரியல் ஆசிரியை இந்தப் பக்கம் திருப்பிவிட்டார். அந்த ஆசிரியைக்குத்தான் முதல் கும்பிடு! 1953இல் பறவை ஆய்வுக்கான பிரூஸ்டர் பதக்கம் வாங்கினார், அப்புறம் 1957இல் அலகில் பல் போன்ற முட்கள் கொண்ட ஒரு ராட்சதக் கடற்பறவைக்குப் பெயர் வைத்தார். 1961இல் அவர் வேலை பார்த்த லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகம் ஓய்வு கொடுத்தது. அவர் எலும்புகளை விடவில்லை, கட்டுரைகள் வந்துகொண்டேயிருந்தன.