நடுவில் ஒரு கைப்பிடி

"இது எதுக்கு சார் நடுவுல?"

துடைப்பத்தை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, புது பெஞ்சின் நடுவில் இருந்த இரும்புக் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார் அந்த அம்மா.

"வயசானவங்க பிடிச்சு எழுந்திரிக்கம்மா" என்றேன்.

அவர் கைப்பிடியிலிருந்து பெஞ்சின் ஓரம்வரை விரலை விரித்து அளந்தார். நாலு சாண். "அதுக்கு ஓரத்துல போட்டாப் போதாதா?"

பதில் சொல்லாமல், மண் கொட்டிக்கொண்டிருந்த பக்கம் போய்விட்டேன்.

நான் சொன்னது பொய்யில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கைப்பிடி இல்லாத பெஞ்சிலிருந்து எழுவது பெரும்பாடு. கைப்பிடி வேண்டும் என்று நானே பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஆனால் இந்தக் கைப்பிடி நடுவில் வந்தது அதற்காக இல்லை. இந்தக் கடைத்தெருவுக்கு நான் போட்ட வரைபடத்தைப் பார்த்த அதிகாரி, "யாரும் படுக்க முடியாத மாதிரி பண்ணிடுங்க" என்றார். சரி என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று நான் காப்பாற்ற நினைத்தது மண்ணை. கார் நிறுத்தும் இடத்தில் பாதியை எடுத்துவிட்டு, மரத்துக்கு ஒரு குழி என்று இல்லாமல் ஒரே நீளப் பள்ளமாக, ஒரு மீட்டர் ஆழத்துக்கு நல்ல மண் கேட்டிருந்தேன். நடைபாதைக்கு அடியில் மண் இறுகிக் கிடந்தால் வேருக்குக் காற்றும் இல்லை, நீரும் இல்லை. மரம் வைத்த உயரத்திலேயே நின்றுவிடும். கடைத்தெருவுக்கு மக்கள் திரும்பி வர நிழல் வேண்டும், நிழலுக்கு மண் வேண்டும். ஆனால் மண் கண்ணுக்குத் தெரியாது. செலவைக் குறைக்கும்போது முதலில் கை வைப்பது அதில்தான். கைப்பிடிக்காக மல்லுக்கட்டினால் மண் போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

யோசித்துப் பார்த்தால் அப்படி யாரும் என்னிடம் பேரம் பேசவே இல்லை. அந்தக் கணக்கு என் தலைக்குள் மட்டும் நடந்தது.

தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. பொது இடங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த வில்லியம் வைட், 1970களில் நியூயார்க் சதுக்கங்களைப் படம்பிடித்து, எங்கே உட்கார வசதி இருக்கிறதோ அங்கேதான் மக்கள் சேருகிறார்கள் என்று காட்டினார். அதை வைத்து 1975இல் அந்த நகரம், சதுக்கத்தின் 30 சதுர அடிக்கு ஓர் அடி நீள இருக்கை என்று விதியே கொண்டுவந்தது. சிலரை விரட்ட இருக்கையைக் கெடுத்தால் எல்லோருக்கும் கெட்டுப்போகும் என்றும் அவர் வாதாடினார். 1992இல் அதே நகரத்தின் பிரையன்ட் பூங்காவை மறுபடி திறந்தபோது, இழுத்துப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகளையே வைத்தார்கள். இதையெல்லாம் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறவன் நான்.

அந்த அம்மா விடியும் முன்பே கூட்ட வந்துவிடுவார். மதியம் அவர் முதுகை நீட்டியது அந்தப் பழைய மரத்தடியில் இருந்த சிமென்ட் மேடையில்தான். அதை இடித்துவிட்டுத்தான் பெஞ்ச் போட்டோம். "யாரும்" என்று அதிகாரி சொன்னபோது அதில் இவரும் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் மறுத்திருப்பேனா என்றும் தெரியவில்லை.

போன மாதம் போயிருந்தேன். கன்றுகள் நன்றாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு ஆள் உயரம் வந்திருந்தன. பெஞ்சுகளில் இடமே இல்லை. ஒரு பெரியவர் நடுக் கைப்பிடியை அழுத்திப் பிடித்து மெல்ல எழுந்தார். பார்த்ததும் மனம் லேசானது.

அப்புறம்தான் கவனித்தேன். பெஞ்சுக்குப் பின்னால், வேர்களுக்கு நடுவே, சாக்கை விரித்துப் படுத்திருந்தார் அந்த அம்மா. ஒரு கை கண்ணை மறைத்திருந்தது. எழுப்பவில்லை.