கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் 20 நிமிடம்

விண்வெளிக் கதை எழுத ஆசைப்படும் தம்பி ஒருவன் கேட்டான்: "சயின்ஸ் சரியா இருக்கணும்னு பார்த்தா சிரிப்பும் வரமாட்டேங்குது, அழுகையும் வரமாட்டேங்குதே அக்கா?" எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. சயின்ஸை விடாமல் பிடித்துக்கொண்டால் இரண்டும் அதற்குள்ளிருந்தே வரும்.

நான் இப்போது எழுதும் கதையில் அம்மை குமரிக் கடற்கரையில் உள்ள சின்னத்துறையில், மகன் செவ்வாயில். (குமரி மாவட்டத்துக்கு விண்வெளி தூரமில்லை. இஸ்ரோ தலைவர் நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர், முன்பு தலைவராக இருந்த சிவன் சரக்கல்விளைக்காரர்.) ரேடியோ அலைக்கும் ஒளியின் வேகம்தான், நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். செவ்வாய் 18 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாளில் ஒரு சொல் போய்ச்சேரவே 10 நிமிடம். பதில் வர இன்னொரு 10. பல கதைகளில் உடனுக்குடன் பேசிக்கொள்கிறார்கள். எவ்வளவு நல்ல இடத்தை வீணாக்குகிறார்கள்!

அந்த 20 நிமிடம் அம்மை சும்மா இருப்பாளா?

"மக்களே, கொடுத்துவிட்ட கருவாட்டுப் பொடி எப்படி இருந்துது?" என்று கேட்டுவிட்டு ஊர்க்கதை முழுக்கச் சொல்கிறாள். "குருசடிப் பக்கத்து மாமன் வழுக்கி விழுந்து காலை ஒடிச்சிட்டாரு" என்று அவள் சொல்லி முடிக்கவும் ஸ்பீக்கரில் மகன் குரல்: "கொள்ளாம்மா, நல்லா இருந்துது! இன்னும் ரெண்டு கிடைச்சா நல்லது."

இந்தச் சிரிப்பு ஒளியின் வேகம் தந்தது.

அழுகையும் அப்படித்தான். சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை நமக்கும் செவ்வாய்க்கும் நடுவில் சூரியன் வந்துவிடும். சூரியனைச் சூழ்ந்த சூடான வாயு சிக்னலைக் குலைக்கும் என்பதால், அங்குள்ள கலங்களுக்குக் கட்டளை அனுப்புவதை இரண்டு வாரம்போல நிறுத்திவைக்கிறார்கள்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குக் கரையின் வயர்லெஸ் எட்டவில்லை. எங்கள் கரையில் பெண்கள் காத்துக் கிடந்தார்கள். எதுவரை என்று சொல்ல ஆளில்லை. பலர் திரும்பவே இல்லை. என் கதையின் அம்மைக்கு எந்தத் தேதியில் பேச்சு நிற்கும், எந்தத் தேதியில் திரும்ப வரும் என்று தாளில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை மடித்து ஜெபப்புத்தகத்துக்குள் வைக்கிறாள். ஆனாலும் தூங்குவதில்லை. ஒக்கியைப் பார்த்தவளுக்குத் தேதி போதாது.

சிக்னல் நிற்பதற்கு முன் அவள் கடைசியாகச் சொல்வது: "மழையில நனையாதே மக்களே."

செவ்வாயில் ஏது மழை, வெட்டிவிடுங்கள் என்கிறான் தம்பி. அது அம்மைக்கும் தெரியும். வெட்டமாட்டேன்.