தம்பி எப்போது சுவிட்சைப் போட்டான்?

ஒரு உலோகக் கட்டையின் முகத்தைச் சூடாக்கினால் உள்ளே எந்த இடத்தில் எத்தனை டிகிரி இருக்கும் என்பது நேர்க்கணக்கு. உள்ளே இருக்கும் டிகிரியை மட்டும் வைத்துக்கொண்டு, முகத்தில் எப்போது எவ்வளவு வெப்பம் பாய்ந்தது என்று சொல்வது தலைகீழ்க் கணக்கு. விண்கலத்தின் வெப்பக் கவசம், வார்ப்பு அச்சு என்று மேற்பரப்பில் சென்சார் தாங்காத இடங்களில் இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஆசைப்பட்டு நானும் இறங்கி ஆறு வாரம் ஆகிறது.

304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கட்டை, 40 மி.மீ. சதுரம், 50 மி.மீ. உயரம். மேல் முகத்தில் 40 வாட் செராமிக் ஹீட்டர். முகத்திலிருந்து 10 மி.மீ. கீழே, பக்கவாட்டில் துளை போட்டு ஒரு கே-டைப் தெர்மோகப்பிள் (முனையில் சூட்டை உணரும் ஒயர் சென்சார்). அதை டிகிரியாக மாற்ற மேக்ஸ்6675 சிப், அதைப் படிக்க அர்டுயினோ என்ற சின்ன கணினிப் பலகை, கால் விநாடிக்கு ஒரு ரீடிங். சுற்றிலும் கண்ணாடிக் கம்பளி. துளையை மேலிருந்து போடாமல் பக்கவாட்டில் போட்டது, ஒயர் ஒரே சூடுள்ள தளத்தோடு போகட்டும் என்பதற்காக. இல்லாவிட்டால் ஒயரே முனையிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். 304-ல் துளைபோடும் டிரில் பிட் வெட்டாமல் உரச ஆரம்பித்தால் அந்த இடம் மேலும் இறுகிவிடும். எனக்கு இரண்டு பிட் உடைந்தது.

தம்பியின் வேலை, எனக்குத் தெரியாமல் ஹீட்டர் சுவிட்சைப் போட்டு அணைத்து, நேரத்தை ஒரு தாளில் எழுதி மடித்து வைப்பது. நான் ரீடிங்கை மட்டும் பார்த்து அந்த நேரங்களைச் சொல்ல வேண்டும்.

முதலில் அவனைக் கூப்பிடாமல் கணினியிலேயே ஒத்திகை பார்த்தேன். பைதான் நிரலில் கட்டையின் ஒரு மாடல், அதிலிருந்து பொய் ரீடிங், அதே மாடலைத் திருப்பிப் போட்டு விடை. அச்சு அசலாக வந்தது! இரண்டு நாள் தலைகால் புரியவில்லை. வினாத்தாளைத் தயாரித்தவனே விடை எழுதினால் நூற்றுக்கு நூறு வராமல் என்ன செய்யும் என்று பிறகுதான் உறைத்தது. இந்தத் துறையில் இதற்கு ‘தலைகீழ்க் குற்றம்’ என்றே பெயர் இருக்கிறதாம்.

நிஜ ரீடிங்கைக் கொடுத்ததும் விடை பிளஸிலும் மைனஸிலும் கோடி கோடி வாட்டாகத் தாவியது. காரணம் புரிய ஒரே ஒரு எண் போதும். ஹீட்டர் போட்ட முதல் கால் விநாடியில் 10 மி.மீ. ஆழத்தில் ஏறும் சூடு, புள்ளிக்குப் பின் பன்னிரண்டு சைபர் போட்டு ஒரு 5 எழுத வேண்டிய அளவு. என் சிப்போ 0.25 டிகிரி படியாகத்தான் பேசும். அந்தப் படியை இந்த நுணுக்கால் வகுத்தால் கோடி வராமல் என்ன வரும்? விடை இருக்க வேண்டும், ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், தரவு கொஞ்சம் ஆடினால் விடையும் கொஞ்சம்தான் ஆட வேண்டும் என்று 1902-லிருந்து கணித அறிஞர் ஹடமார்ட் பெயரில் சொல்லிவரும் மூன்று நிபந்தனைகளில் மூன்றாவது இங்கே செத்துப்போகிறது.

மருந்து கணித அறிஞர் டிகோனாவ் 1963-ல் கொடுத்தது. ரீடிங்கோடு பொருந்தவும் வேண்டும், விடை கண்டபடி குதிக்கவும் கூடாது. குதிக்காமல் இருப்பதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று சொல்ல, இரண்டுக்கும் நடுவே ஒரு எண்; அதுதான் எடை. எவ்வளவு எடை? முதலில் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதற்கு ஒத்து வரும் வரை திருகினேன். சுத்தத் திருட்டு. பிறகு இன்னொரு கணித அறிஞர் மொரோசாவ் சொன்ன வழிக்கு வந்தேன்: மிச்சப் பிழை (என் விடை சொல்லும் டிகிரிக்கும் ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசம்) சென்சாரின் சொந்தப் பிழை அளவுக்கு வந்ததும் நிறுத்து. 0.25 டிகிரி படிக்கு அது சுமார் 0.07 டிகிரி. அதற்கு மேல் பொருத்தினால் சிப்பின் இரைச்சலைத்தான் பொருத்துகிறோம்.

இப்போது நேரத்துக்கு எதிரே வெப்பத்தை வரைந்த கோடு அடங்கியது. தம்பி 5 விநாடி போட்டு, 6 விநாடி விட்டு, மறுபடி 5 விநாடி போட்டிருந்தான். எனக்குத் தெரிந்தது ஒரே மேடு, ஒட்டகத்தின் முதுகு மாதிரி. கோட்டுக்குக் கீழுள்ள மொத்த ஜூல் மட்டும் கிட்டத்தட்ட சரி. “ரெண்டு தடவை போட்டேண்ணா” என்று அவன் சிரித்தபோது கோபம் வந்தது உண்மை.

ஒரு வாரம் முழுக்க எடையைத் திருகியும் பயனில்லை. கணக்கைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, தகவல் உலோகத்துக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. 10 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மேற்பரப்புச் சூட்டில் 10 மி.மீ. ஆழத்துக்கு வந்து சேருவது 6 சதவீதம்தான். 5 மி.மீ. ஆழத்தில் அதுவே 25 சதவீதம். ஹீட்டர் போட்ட பிறகு சிப் ஒரு படி நகர 10 மி.மீ.யில் கிட்டத்தட்ட 4 விநாடி; 5 மி.மீ.யில் ஒன்றேகால்.

புதுத் துளை போட்டேன் (இன்னொரு பிட்). இந்த முறை துளைக்குள் தெர்மல் பேஸ்ட்டும் வைத்தேன். முன்பு காற்று இருந்ததால் ரீடிங் பிந்தியது. அதே நிரலில் ஆழத்தை மட்டும் மாற்றி ஓட்டினேன். இரண்டு மேடும் தனித்தனியாக நின்றன.

ஆனால் அணைத்த பிறகும் சில விநாடி வெப்பம் பாய்வதாக ஒரு வால் தெரிந்தது. எடை அதிகமாகி இழுபடுகிறது என்று குறைத்துப் பார்த்தேன், வால் போகவில்லை. கடைசியில் ஹீட்டர் முதுகில் இன்னொரு தெர்மோகப்பிளை ஒட்டிப் பார்த்தால், செராமிக் தட்டு தானே சூட்டைத் தேக்கிவைத்து மெதுவாகக் கட்டைக்குள் விட்டுக்கொண்டிருக்கிறது. கணக்கு கேட்டது கட்டைக்குள் பாய்ந்த வெப்பத்தை, தாளில் இருந்தது சுவிட்ச் நேரம். தம்பியிடம் காட்டினேன். “அப்போ என் தாள்தான் தப்பா?” என்றான்.

அடுத்து ஹீட்டர் தட்டையும் மாடலுக்குள் சேர்க்க வேண்டும்.