எப்படிப்பட்டவர்?

2013இல் கிளிநொச்சியில் உளவளத்துணையாளர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி நடத்தப் போனேன். பதினெட்டுப் பேர். பாதிப் பேர் முன்பள்ளி ஆசிரியைகள். எல்லோரும் 2009 மேயில் யுத்தம் முடியும் வரை வன்னிக்குள்ளேயே இருந்தவர்கள். நானோ யாழ்ப்பாணத்தில் சாமான் வாங்க வரிசையில் நின்று அந்த யுத்தத்தைக் கடந்தவன்.

முதல் இரண்டு நாள் சரியாகத்தான் போனது. தலையிடி, நெஞ்சுப் பாரம், நித்திரை இல்லை என்று வருபவருக்குள் துயரம் இருக்கலாம் என்பதையோ, 'ஒரே யோசினை' என்றால் கவலை என்பதையோ அவர்களுக்கு நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. நடந்ததைக் கிண்டிக் கேட்காதீர்கள் என்பதை ஏற்க வைக்கத்தான் நேரம் எடுத்தது. அழவைத்தால் பாரம் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை ஊரில் பலமானது. உலக சுகாதார நிறுவனத்தின் 2011 உளவியல் முதலுதவிக் கையேடு பார், கேள், இணை என்று மூன்றே வேலைகளைச் சொல்கிறது. கிராம சேவகரிடம் கூட்டிப்போவதும் துணைதான் என்றதும் சிரித்தார்கள். அதை அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் தலைப்பு, 'இழப்பை ஏற்றுக்கொள்ள உதவுதல்'. பாத்திரமேற்று நடித்துக் காட்டலாம் என்று ஒருவரை எதிரே இருத்தினேன். யுத்த முடிவில் வட்டுவாகலில் மகனை இராணுவத்திடம் கையளித்து, பிறகு அவரைக் காணாத தாய் அவர், துணையாளர் நான்.

"மகன் எப்பிடி இருந்தவர், அம்மா?"

நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் அவனைச் சாக்காட்டிப் போட்டியள், சேர்."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரமானது. பிறகு எப்படிக் கேட்பது என்றேன். "எப்பிடிப்பட்டவர் எண்டு கேளுங்கோவன்."

அந்தச் சொல்லில் காலம் இல்லை. இருந்தார், இருக்கிறார் என்று எதையும் அது தீர்ப்பதில்லை. இத்தனை வருடம் படிப்பித்தும் எனக்கு அது தோன்றவில்லை.

உடல் கிடைத்தால் செத்த வீடு உண்டு, எட்டாம் நாள் சடங்கு உண்டு, அந்தியேட்டிச் சடங்கு உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவருக்கு இவை எதுவும் இல்லை. கோவிலுக்குப் போகும்போது பொட்டு வைக்கலாமா என்று தயங்கும் மனைவியிடம் 'ஏற்றுக்கொள்ளுங்கள்' என்றால் என்ன அர்த்தம்? இறப்புச் சான்றிதழ் வேண்டாதவர்களுக்கு, ஆள் இல்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழைத் தருவதற்கு 2016இல் சட்டம் வந்தது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தாய்மார் போராட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது பதிலை.

அந்தத் தலைப்பை நான் பிறகு எடுத்துவிட்டேன். எங்கள் படிவத்தில் 'உயிருடன் / இறந்தவர்' என்றிருந்த கட்டத்தையும் நீக்கினோம். வயதுக் கட்டம் மட்டும் இன்னும் தொல்லை தருகிறது. கையளித்தபோது பத்தொன்பது. இப்போது எதை எழுதுவது என்று புதிதாக வரும் ஒவ்வொரு துணையாளரும் கேட்கிறார். தாய்மார் வருடத்துக்கு ஒன்று கூட்டித்தான் சொல்கிறார்கள். அதையே எழுதச் சொல்கிறேன்.