தளம் தள்ளிப்போனால் எந்தெந்தத் தேதி நகரும்?

சென்னையில் ஸ்டில்ட்டும் (தூண்கள் மேல் நிற்கும் வண்டி நிறுத்தத் தளம்) ஐந்து மாடியும் கொண்ட ஒரு அடுக்குமாடிக் கட்டடம். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டதில், நவம்பர் 3 அன்று போட வேண்டிய மூன்றாம் தளக் கான்கிரீட் நவம்பர் 9-க்குப் போய்விடுகிறது. திட்டமிடும் பொறியாளர் அன்றைக்கே எம்எஸ் ப்ராஜெக்ட் என்ற திட்டமிடல் மென்பொருளில் ஷெட்யூலைத் திருத்திவிடுவார். ஆனால் வரைபடங்களும் சோதனை அறிக்கைகளும் பொருள் ஆர்டர்களும் எந்தத் தேதிக்கு வர வேண்டும் என்ற பட்டியல் வேறொரு எக்செல் கோப்பில் கிடக்கிறது. அதை யாரும் தொடவில்லை. சிக்கல் முளைக்கும் இடம் இதுதான்.

முதலில் அடிபடுவது கியூப் சோதனை, அதாவது போட்ட கான்கிரீட்டில் வார்த்த கனசதுரக் கட்டியை உடைத்து வலிமை பார்ப்பது. பழைய பட்டியலில் 28-ஆம் நாள் சோதனை டிசம்பர் 1 என்று இருக்கும். அன்றைக்கு கியூபை உடைத்தால் கான்கிரீட்டின் வயது 22 நாள்தான். வலிமை குறைவாகக் காட்டக்கூடும். அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு கான்கிரீட்டைக் கலந்து அனுப்பும் ரெடிமிக்ஸ் ஆலையோடு தகராறு, பில் நிறுத்தம் எல்லாம் தொடங்கும். சரியான நாள் டிசம்பர் 7. ஏழாம் நாள் சோதனை நவம்பர் 16. இந்த இரண்டு தேதிகளையும் கான்கிரீட் உண்மையில் விழுந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், திட்டத்தில் இருந்த நாளிலிருந்து அல்ல.

சரி, தளம் ஆறு நாள் தள்ளிப்போனது, பட்டியலில் உள்ள எல்லாத் தேதிகளையும் ஆறு நாள் தள்ளிவிடலாமே? பலரும் செய்வது இதைத்தான். ஒன்றையும் நகர்த்தாமல் விடுவது எவ்வளவு தவறோ, இதுவும் அவ்வளவு தவறு. யுபிவிசி (ஒருவகைப் பிளாஸ்டிக்) ஜன்னலைப் பாருங்கள். பொருத்தும் நாள் பிப்ரவரி 20 என்று வைத்துக்கொள்வோம். பட்டறையில் செய்ய 21 நாள், ஏற்றி இறக்க 3 நாள். ஆக ஜனவரி 27-க்குள் அளவெடுத்தாக வேண்டும். திறப்பின் ஓரப் பூச்சு முடியாமல் அளவெடுக்க முடியாது என்பதால், தளம் தள்ளிப்போய்ப் பூச்சும் ஆறு நாள் தள்ளினால் அளவெடுப்பு பிப்ரவரி 2-க்குப் போகும். அது நியாயம். ஆனால் ஜன்னல் வரைபடம் பூச்சுக்காகக் காத்திருப்பதில்லை. சரிபார்ப்பு 7 நாள், திருத்தம் 5 நாள், மறுபடியும் சரிபார்ப்பு 7 நாள் என 19 நாள் கணக்கிட்டு, ஜனவரி 6-க்குள் ஒப்புதல் வேண்டுமென்றால் டிசம்பர் 18 அன்று முதல் சமர்ப்பிப்பு. அந்தத் தேதியை அப்படியே விடுங்கள். மழை கொடுத்த ஆறு நாளும் கையிருப்பாக நிற்கும். ஜனவரி நடுவில் வரும் பொங்கல் விடுமுறைக்கு அது தேவைப்படும். ஒரே சுற்றில் ஒப்புதல் கிடைத்துவிடும் என்று போடப்படும் தேதிகள் பெரும்பாலும் பொய்த்துப்போகின்றன. இரண்டு சுற்றாகக் கணக்கிடுவதே நேர்மையான திட்டம்.

லிஃப்ட் இன்னொரு வகை. எந்திரம் கடைசியில்தான் வரும், அதற்குள் என்ன அவசரம் என்று தோன்றும். ஆனால் லிஃப்ட் குழியின் ஆழமும் அளவும் லிஃப்ட் கம்பெனி தரும் வரைபடத்தில் இருக்கின்றன. அஸ்திவார வேலைக்கு அது வேண்டும். அதாவது அந்த வரைபடத்தின் தேதியை லிஃப்ட் இழுப்பதில்லை, அஸ்திவாரம் இழுக்கிறது. ஒவ்வொரு வரைபடத்துக்கும் அறிக்கைக்கும் பக்கத்தில் ‘எந்த வேலைக்காக’ என்று ஒரு கட்டம் வைத்தால் இந்த உண்மை வெளியே வந்துவிடும். அந்தக் கட்டத்தை நிரப்ப முடியவில்லை என்றால், அந்தத் தேதி யாரோ ஊகித்துப் போட்டது.

வேலை முந்திவரும்போதும் இதே கவனம் வேண்டும். சொல்லப்போனால் அதில்தான் ஆபத்து அதிகம். மழை விட்டு, கூடுதல் கம்பி ஆட்கள் வந்து, அடுத்த தளம் நான்கு நாள் முன்னதாக வந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மின்குழாய் வரைபடம் மட்டும் பழைய தேதிக்குத்தான் வரும். கம்பி கட்டி முடித்து, குழாய் பதிக்காமல் கான்கிரீட் போட்டால், பிறகு தளத்தைக் கொத்த வேண்டியதுதான். தளத்துக்கு இது செய்யக்கூடாத கொடுமை.

மென்பொருளில் செய்ய வேண்டியது அதிகமில்லை. சமர்ப்பிப்பு, ஒப்புதல், அறிக்கை ஒவ்வொன்றையும் ஷெட்யூலுக்குள்ளேயே பூஜ்ஜிய நாள் மைல்கல்லாக (கால அளவு இல்லாத, தேதியை மட்டும் குறிக்கும் வரியாக) போட்டு, உரிய வேலையோடு லிங்க் கொடுக்க வேண்டும். எக்செல் பட்டியல், ஷெட்யூலில் இருந்து ஒவ்வொரு வேலைக்கும் உள்ள மாறாத தனி எண் வழியாகத் தேதியை இழுத்துக்கொள்ளட்டும். அங்கே யாரும் கையால் தேதி அடிக்கக்கூடாது. எம்எஸ் ப்ராஜெக்டில் தொடக்கத் தேதிக் கட்டத்தில் ஒரு தேதியை நேரடியாக அடித்தால், ‘இதற்கு முன் தொடங்காதே’ என்ற கட்டுப்பாடு சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளும். பிறகு முந்தைய வேலை எவ்வளவு சீக்கிரம் முடிந்தாலும் இந்த வேலை முன்னால் வராது. வாக்குக் கொடுத்த தேதியைக் குறித்துவைக்க ‘டெட்லைன்’ கட்டம் இருக்கிறது. அது வேலையின் தேதியை நகர்த்தாது. தேதி தாண்டினால் சிவப்புக் குறி மட்டும் காட்டும்.

ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே காத்திருக்கும் இடைவெளி நாட்களிலும் கவனம் தேவை. கான்கிரீட் ஞாயிற்றுக்கிழமையும் இறுகும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்லும் கணக்கில், தாங்கிகளுக்கு இடையே 4.5 மீட்டருக்கு மேல் நீளும் தளத்துக்கு முட்டு 14 நாள் நிற்க வேண்டும், 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள். இவற்றை வேலை நாட்களாகப் போட்டால், வாரம் ஆறு நாள் காலண்டரில் 14 நாள் 16 நாளாகிவிடும். கீழ்த்தளத்துச் செங்கல் வேலையும் அதன் பின்னால் உள்ள எல்லாமும் வீணாகத் தள்ளிப்போகும். விடுமுறையையும் சேர்த்து எண்ணும் எலாப்ஸ்டு நாட்களாகப் போட வேண்டும். ஆட்கள் சார்ந்த வேலைகளுக்கோ நேர்மாறு: பீகார், ஒடிசா தொழிலாளர்கள் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும் வாரங்கள் காலண்டரில் விடுமுறையாகவே இருக்க வேண்டும்.

வாரம் ஒரு நாள், புதன் என்று வைத்துக்கொள்ளலாம், நடந்த தேதிகளை ஏற்றிக் கணக்கை ஓட்டி, மூன்று நாளுக்கு மேல் நகர்ந்த வரிகளை மட்டும் எடுத்து உரியவர்களுக்கு அனுப்பினால் போதும். ஐம்பது பக்க ஷெட்யூலை யாரும் படிப்பதில்லை. ஒவ்வொரு வரியிலும் மூல தேதி, இப்போதைய தேதி, நகர்த்திய வேலையின் பெயர் மூன்றும் இருக்கட்டும். மூல தேதியை அழித்துவிட்டால் தாமதம் யாரால் வந்தது என்பதை ஆறு மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. ஒப்பந்ததாரர் கூடுதல் காலம் கேட்கும்போது அந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

நகரவே கூடாத தேதிகளும் சில உண்டு. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிந்த நிறைவுத் தேதி அதில் முதலாவது. வீடு வாங்கியவர் வங்கிக் கடனையும் வாடகையையும் அந்தத் தேதியை நம்பித்தான் கணக்கிட்டிருப்பார். ஷெட்யூலின் கடைசி வரி அதைத் தாண்டும் அன்றே கூட்டம் கூட்டி, எந்த மாடிக்குக் கூடுதல் முட்டுப் பலகை செட் வேண்டும், எந்தப் பூச்சு வேலைக்கு இரண்டாவது குழு வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டும்.